பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே

வளையற்காரர் கை பிடிக்கிற அழகைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் ஒரே ஒரு பார்வை. அதிலேயே அளவு தெரிந்துவிடுகிறது. பிறகு கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களின் கணுக்களை நெருக்கிச் சேர்த்துக்கொண்டு, "என்னம்மா, உங்க பக்கம் மழை உண்டா?" என்று பேச்சுக் கொடுக்கிறார். பதில் சொல்ல நீங்கள் வாயைத் திறப்பதற்குள் வளையல் மணிக்கட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பேச்சில்தான் சூட்சுமம். மனம் வளையலிலேயே இருந்தால் கை விறைக்கும். விறைத்த கையில் வளையல் ஏறாது. உடையும், அல்லது தோலைக் கிழிக்கும்.

நான் எழுத வந்தது வளையலைப் பற்றி அல்ல, பாறையைப் பற்றி. ஆனால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செங்குத்துப் பாறைகளில் ஏறுவதையே ஆசையாக வைத்துக்கொண்டிருக்கும் சிலரைப் பற்றிப் படிக்கப் படிக்க, வளையற்காரர்தான் என் கண் முன் வந்து நிற்கிறார். அவர்களும் அதே கையை அதே மாதிரிதான் மடக்குகிறார்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கினால் கை அகலத்தில் குறுகுகிறது, கனத்தில் கூடுகிறது. வளையலுக்கு அகலம் குறைய வேண்டும். பாறைக்குக் கனம் கூட வேண்டும். வெடிப்புக்குள் கையைத் தட்டையாக நுழைத்து, உள்ளே போனதும் கட்டைவிரலை மடக்கினால் கை உப்பி இரண்டு பக்கமும் அழுந்துகிறது. பூட்டுப் போட்ட மாதிரிதான். அந்தப் பூட்டை நம்பி உடம்பு முழுவதையும் தொங்கவிட்டுவிடலாம் என்கிறார்கள்.

இயற்கை எல்லா வெடிப்பையும் கையளவுக்கே பிளந்து வைத்திருந்தால் கஷ்டம் இல்லை. அப்படியா வைத்திருக்கிறது? விரல் மட்டும் நுழைகிற வெடிப்பு ஒன்று. கை நுழைவது ஒன்று. முஷ்டி கச்சிதமாகப் பொருந்துவது ஒன்று. அது சுமார் நான்கு அங்குலம். இன்னொரு கோடியில், ஆள் முழுக்க உள்ளே போய், முதுகை ஒரு சுவரிலும் பாதத்தை எதிர்ச் சுவரிலும் கொடுத்து ஏறுகிற பெரிய பிளவு. பழைய வீட்டுப் புகைபோக்கி போல இருப்பதால் அதற்குச் 'சிம்னி' என்றே பெயர்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. முஷ்டியை வைத்தால் லொடலொட என்று ஆடும். உடம்பை நுழைத்தால் நுழையாது. ஆறு அங்குலம், எட்டு அங்குலம், பத்து அங்குலம். ஒரு தோளும் ஒரு காலும் உள்ளே. பாக்கி ஆள் வெளியே. 'ஆஃப்-விட்த்' என்று இதற்குப் பெயர். எந்த அளவிலும் சேராத அகலம் என்று அர்த்தம் செய்துகொள்ளலாம். நம் வீட்டில் இதற்கு இணை சொல்ல வேண்டுமானால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்துதான். பந்து உருண்டு அங்கே போய்விட்டால், கையை விட்டால் எட்டாது, தலையை விட்டால் நுழையாது. குழந்தை மட்டும் எப்படியோ உள்ளே போய்விடும். வெளியே வருவதற்குத்தான் பீரோவை நகர்த்த நாலு பேர் வேண்டும்.

பாறையை நகர்த்த முடியாது என்பதுதான் இந்தக் கதையில் உள்ள சங்கடம்.

ஆகையால் பாறை ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த அகல வெடிப்பைக் கண்டாலே வேறு பக்கம் பார்க்கிறார்கள். இதில் நளினம் கிடையாது. முழங்கையைக் கோழி இறக்கை மாதிரி மடித்து உள்ளே சொருகி, உள்ளங்கையால் ஒரு சுவரையும் தோளால் மற்றச் சுவரையும் தள்ள வேண்டும். கோழி இறக்கை என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். பாதத்தைக் குறுக்காக வைத்துக் குதிகாலை ஒரு பக்கமும் கால்விரல்களை ஒரு பக்கமும் அழுத்த வேண்டும். இவ்வளவும் செய்தால் நான்கு அங்குலம் ஏறலாம். மறுபடியும் முதலிலிருந்து. தோள், முட்டி, கணுக்கால் எல்லாம் தேங்காய் துருவின மாதிரி ஆகிவிடும்.

1980-ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் ராண்டி லெவிட், டோனி யானிரோ என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். ஒரு கை போதாத இடத்தில் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து அடுக்கி அடைத்துவிடுவது. சரி, இரண்டு கையும் மாட்டிக்கொண்ட பிறகு மேலே போவது எப்படி? அங்கேதான் கால் வருகிறது. முழங்காலை வெடிப்புக்குள் நுழைத்துக் குதிகாலைப் பின்னால் மடக்கினால் தொடைச் சதை புடைத்துக்கொண்டு கால் பூட்டிக்கொள்ளும். ஆள் அந்த ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் எடுத்து இன்னும் உயரத்தில் அடுக்குகிறார். காலை நீட்டினால் பூட்டுத் திறந்துவிடும். திறக்க வேண்டும்! திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது சித்தி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா, அந்தப் பாறைக்குப் பின்பக்கம் படி கிடி ஒன்றும் கிடையாதா?"

"படி இல்லை, சித்தி. ஆனால் பல பாறைகளில் பின்பக்கம் சுலபமாக நடந்து இறங்குகிற சரிவு உண்டு. ஏறினவர்கள் அந்த வழியாகத்தான் இறங்கி வருவார்கள்."

"அப்போ அது வழியாவே ஏறித் தொலைக்கிறதுதானே?"

இந்தக் கேள்விக்குப் பாறை ஏறுகிற யாரிடமும் திருப்தியான பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஏறுகிறார்கள். கலிபோர்னியாவில் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் சென்டினல் பாறையின் வடக்கு முகத்தை 1950-ஆம் வருஷம் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை 4-ஆம் தேதி ஏறி முடித்தார்கள் இருவர். ஒருவர் ஆலன் ஸ்டெக் என்ற இளைஞர். மற்றவர் ஜான் சலாத்தே. ஸ்விட்ஜர்லாந்திலிருந்து வந்து குடியேறிய இரும்புக் கொல்லர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பாறை ஏற ஆரம்பித்ததே நாற்பதுக்கு மேல்தான்! அவர்கள் ஏறிய வழியில் 'நாரோஸ்' என்று ஒரு ஒடுக்கம் இருக்கிறது. இன்றைக்கும் அங்கே போகிறவர்கள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் நகர வேண்டியிருக்கிறது. அதே பள்ளத்தாக்கில் 1961-லும் 1965-லும் சக் பிராட் என்பவர் இரண்டு அகல வெடிப்புகளை ஏறினார். அந்தக் காலத்தில் அகல வெடிப்பில் பாதுகாப்புக்கு அடிக்கப் பெரிய இரும்பு ஆப்புத்தான் உண்டு. சுத்தியலால் அடித்தால் கோவில் மணி மாதிரி சப்தம் வருமாம். அதனால் அதற்கு 'பாங்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ஆப்பும் பிடிக்காத அகலம் வந்துவிட்டால், கடைசியாகக் கயிறு மாட்டின இடத்துக்கு மேலே எத்தனை அடி போயிருக்கிறோமோ அதைப் போல இரண்டு மடங்கு கீழே விழ வேண்டியதுதான். பிற்பாடுதான் கிரேக் லூபென் என்ற கொலராடோ கல்லூரி மாணவர், வில் வைத்து நீளுகிற ஒரு குழாயைக் கண்டுபிடித்தார். வெடிப்புக்குக் குறுக்கே வைத்து விட்டால் அது தானே நீண்டு இரண்டு பக்கமும் அழுந்திக்கொள்ளும்.

இங்கிலாந்துக்காரர்கள் இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். டாம் ராண்டல், பீட் விட்டேக்கர் என்று பெயர். ஷெஃபீல்டு நகரத்தில் குளிர்காலம் என்றால் மழையும் இருட்டுமாக இருக்கும். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் பெரிய அகல வெடிப்புகளும் அதிகம் இல்லை. ராண்டலின் வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை. நம் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் விறகும் உடைந்த நாற்காலியும் போட்டு வைப்போம். அவர்கள் அதன் கூரையில் பலகைகளை அடித்துச் செயற்கை வெடிப்புகள் செய்து, தலைகீழாகத் தொங்கிப் பழகினார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல; இரண்டு வருஷம். 2011-ல் அமெரிக்கா போய், யூட்டா மாகாணத்தில் ஒரு பாறைக் கூரையின் அடிவயிற்றில் சுமார் 120 அடி நீளத்துக்கு ஓடுகிற 'செஞ்சுரி கிராக்' என்ற வெடிப்பைத் தலைகீழாகவே கடந்துவிட்டார்கள். அதற்கு முன் யாரும் அதைக் கடந்ததில்லை. பெண்களும் சளைத்தவர்கள் இல்லை. பமேலா ஷாந்தி பாக் என்ற அமெரிக்கப் பெண்மணி, மற்றவர்கள் ஒதுக்கிய அகல வெடிப்புகளாகத் தேடித் தேடி முதன்முதலாக ஏறியிருக்கிறார்.

குளிர்காலத்துக்கு வருவோம். குளிர் பாறைக்கு நல்லது என்கிறார்கள். உள்ளங்கை வியர்க்காது, செருப்பின் ரப்பர் அடியும் குளிர்ந்த பாறையை நன்றாகப் பற்றும். தென் கலிபோர்னியாவில் ஜோஷுவா ட்ரீ என்ற பாலைவனப் பிரதேசம் இருக்கிறது. கோடையில் அங்கே பாறையில் கை வைக்க முடியாது. அதனால் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் ஜனங்கள் ஏறப் போகிறார்கள். டிசம்பரில் பகல் வெயில் இதமாக இருக்கும். ஆனால் நாலரை மணி சுமாருக்குச் சூரியன் விழுந்துவிடும். விழுந்தால் அவ்வளவுதான்; பாலைவனத்தில் சூடு தங்குவதில்லை. ராத்திரியில் தண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிர் இறங்குவதுண்டு.

இங்கேதான் கோட்டுச் சங்கடம். குளிருக்குக் கோட்டு வேண்டும். ஆனால் பதினோரு அங்குலப் பிளவில் கோட்டுப் போட்ட ஆள் நுழைய மாட்டார்; கோட்டைக் கழற்றினால் நுழைவார். கழற்றி விட்டு உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டால்? மெல்லிய சட்டை ஒன்றுதான் உடம்பில். மார்பும் முதுகும் குளிர்ந்த கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காற்றுக்கு மறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கில்லை. காற்றை விடக் கல் வெகு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். மொஸைக் தரையில் மார்கழி விடியற்காலையில் பாய் இல்லாமல் படுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. அது 35-க்குக் கீழே இறங்கினால் அபாயம். முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் சொன்னபடி கேட்கா, அப்புறம் புத்தியே தடுமாறும். சிக்கினவனுக்குத் தேவையான மூன்றும், அதாவது கையும் விரலும் யோசனையும், வரிசையாகக் கழன்றுகொண்டு போகின்றன.

தலைக்கவசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிகவும் குறுகலான பிளவில் கவசம் போட்ட தலை உள்ளே போய்விட்டால் திருப்ப இடம் இருக்காது. வலது பக்கம் பார்க்க வேண்டுமா, இடது பக்கம் பார்க்க வேண்டுமா என்பதை நுழைவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு வருத்தப்பட்டால், எதிரே உள்ள கல்லைப் பார்த்துக்கொண்டு வருத்தப்பட வேண்டியதுதான்.

எப்படிச் சிக்குகிறார்கள்? அநேகமாக முழங்கால்தான். வெடிப்பு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலமான இடத்தில் முட்டி சுலபமாகப் போய்விடும். ஆள் அதன் மேல் பாரத்தைப் போட்டவுடன் முட்டி அரை அங்குலம் கீழே சறுக்கிக் குறுகலில் இறங்கிவிடுகிறது. வெளியே வர ஒரே வழி, வந்த வழியாக மேலே தூக்கி அகலத்துக்குக் கொண்டுபோவது. ஆனால் மனித சுபாவம் என்ன செய்யும்? பயந்து, நேராக வெளியே பிடித்து இழுக்கும். இழுக்க இழுக்கத் தோல் உரியும், சதை வீங்கும். அரை மணிக்கு முன்னால் போதுமான இடம் இருந்த அதே வெடிப்பு, இப்போது கால் அங்குலம் சின்னதாகிவிட்டது. பாறை வளரவில்லை, கால்தான் வளர்ந்துவிட்டது. கீழே கயிறு பிடிக்கிற தோழரும் உதவி செய்வதாக நினைத்துக் கயிற்றை இறுக்கினால், சில சமயம் அதுவே ஆளை நகரவிடாமல் செய்துவிடும்.

விரலில் மோதிரம் சிக்கின சகோதரிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிடித்து இழுத்தால் மோதிரம் கணுவில் போய் இன்னும் இறுகும். கையைத் தலைக்கு மேலே கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்து வீக்கத்தை இறக்கி, பிறகு சோப்புத் தண்ணீர் போட்டால் பாதிப் பேருக்கு வந்துவிடும். வராவிட்டால் நூல் வைத்தியம். நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கமாக விட்டுக்கொள்ளுங்கள். மீதி நூலை மோதிரத்தை ஒட்டினாற்போல் ஆரம்பித்து விரல்கணுவைத் தாண்டும் வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். பிறகு உள்ளங்கைப் பக்கத்து நுனியைப் பிடித்து விரல்நுனியை நோக்கி மெதுவாகப் பிரித்துக்கொண்டே வந்தால், நூல் அவிழ அவிழ மோதிரம் அதன் மேல் ஏறி வந்துவிடும். விரல் நீலம் பாரித்திருந்தால் மட்டும் நூலைத் தேடிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். மோதிரத்தை வெட்டினால் தட்டான் ஒட்டித் தருவார்.

காலில் சிக்கினால் வலி. மார்பில் சிக்கினால் பிராணன். மிகக் குறுகிய சிம்னியில் மூச்சை இழுத்தால் மார்பு விரிந்து ஆள் பூட்டிக்கொள்கிறார்; விட்டால் மார்பு சுருங்கி இரண்டு அங்குலம் நகரலாம். ஏறுகிறபோது இது உபகாரம். யோசெமிட்டியில் 'ஹார்டிங் ஸ்லாட்' என்ற பிரசித்தமான ஒடுக்கத்தில் இப்படித்தான் மூச்சுக்கு மூச்சு கணக்குப் பண்ணி நகர்கிறார்கள். ஆனால் சறுக்கினால் இதே கணக்குத் தலைகீழாகிவிடும். மூச்சை விடும்போது உடம்பு கீழே நழுவி, இன்னும் குறுகலான இடத்தில் போய் நிற்கும். அடுத்த மூச்சை முழுசாக இழுக்க அங்கே இடம் இல்லை. பயம் வந்துவிட்டால் மூச்சு வாங்கும், மேல்மார்பு விம்மும், பிடி இறுகும். அதனால்தான் அனுபவசாலிகள் உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் முதலில் பேச்சுக் கொடுக்கிறார்கள். வளையற்காரர் செய்கிற அதே காரியம்.

சிக்கினவனைப் பிடித்து இழுப்பது என்ற தவற்றை உலகமே பார்த்துக்கொண்டிருக்கச் செய்த சம்பவம் ஒன்று உண்டு. சிக்கினவர் பாறை ஏறியவர் அல்ல, குகைக்குள் இறங்கியவர். ஆனால் கல்லிடுக்கும் குளிரும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் கென்டக்கி மாகாணம். மாமத் குகை என்ற பிரம்மாண்டமான குகையைப் பார்க்க ஊர் ஊராக ஜனங்கள் வருவார்கள். சுற்றியிருந்த ஏழைக் குடியானவர்களுக்கும், தங்கள் நிலத்துக்கு அடியில் ஒரு குகை கிடைத்தால் டிக்கெட் போட்டுப் பிழைக்கலாமே என்ற ஆசை. ஃப்ளாய்டு காலின்ஸ் என்பவர் 1917-ல் அப்படி ஒரு அழகான குகையைக் கண்டுபிடித்தும் இருந்தார். என்ன பிரயோஜனம்? அது ரஸ்தாவிலிருந்து தள்ளி இருந்தது. வருகிறவர்கள் வழியிலேயே வேறு குகைகளுக்குப் போய்விட்டார்கள். ஆகவே ரஸ்தாவை ஒட்டி இன்னொரு குகை தேடினார். 1925 ஜனவரி 30. கடுங்குளிர். 'மணல் குகை' என்ற பொந்தில் தனியாக இறங்கித் திரும்பி வரும்போது, ஒடுக்கமான ஒரு இடத்தில் காலை உதைத்து நெளிந்தார். ஒரு கல் பெயர்ந்து இடது கணுக்காலில் விழுந்து அமுக்கிக்கொண்டது. சுமார் பன்னிரண்டு கிலோ கல். நம் வீட்டு அம்மிக் குழவியைத் தூக்குகிறவர்கள் அதையும் தூக்கிவிடுவார்கள். ஆனால் கை எட்ட வேண்டுமே! இரண்டு கையும் பக்கவாட்டில் மண்ணோடு இறுகியிருந்தன. தரைக்கு அடியில் 55 அடி. மேலிருந்து குளிர்ந்த தண்ணீர் முகத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள்தான் ஊருக்குத் தெரிந்தது. தம்பி ஹோமர் காலின்ஸ் தலைகீழாக ஊர்ந்து போய் அண்ணனுக்குச் சாப்பாடு ஊட்டினார். செய்தி பரவியது. லூயிவில் நகரத்துப் பத்திரிகை ஒன்று வில்லியம் மில்லர் என்ற நிருபரை அனுப்பியது. அவருக்கு இருபது, இருபத்தொரு வயதுதான். ஒல்லி. சுமார் ஐம்பத்து மூன்று கிலோ. கொசுவை நினைவூட்டுகிற 'ஸ்கீட்ஸ்' என்ற பட்டப்பெயரே உண்டு. பலசாலிகள் பலர் பாதி வழியில் திரும்பி வந்த அந்தப் பொந்துக்குள், இந்தக் கொசு மனிதர் நுழைந்துவிட்டார். பேட்டி எடுக்கப் போனவர் பேட்டியோடு நிற்கவில்லை. திரும்பத் திரும்ப உள்ளே போனார். ஊட்டினார். சூட்டுக்காக ஒரு மின்சார பல்பைக் கொண்டுபோய்க் காலின்ஸின் பக்கத்தில் வைத்தார். என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதற்காகப் புகழவில்லை. எங்களில் எத்தனை பேர் இரண்டாம் தடவை உள்ளே போவோம் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இதற்கு நடுவில்தான் அது நடந்தது. சிக்கினவரின் மார்பில் பட்டை மாட்டி, கயிறு கட்டி, பல பேர் சேர்ந்து இழுத்தார்கள். கால் போனாலும் உயிர் பிழைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். காலின்ஸ் கதறினார். கல் அசையவில்லை. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். நிறுத்தினார்கள். அவர் உடம்பில் மிச்சமிருந்த தெம்பும் அதோடு போயிற்று. பிறகு மில்லர் ஒரு ஜாக்கியைக் கொண்டுபோய், கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பிப் பார்த்தார். கல் கொஞ்சம் எழும்பியது. ஆனால் ஜாக்கிக்கு முட்டுக் கொடுக்கச் சரியான அளவில் கட்டை இல்லை; நழுவிவிட்டது. மறுபடியும், மறுபடியும். ஒரு கட்டை!

பிப்ரவரி 4-ஆம் தேதி வழி இடிந்து மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு யாராலும் அவரை நெருங்க முடியவில்லை. பக்கத்தில் கிணறு மாதிரி தோண்ட ஆரம்பித்தார்கள். மேலே பல்லாயிரம் ஜனங்கள் கூடி, திருவிழாக் கடை போட்டு, பலூன் முதற்கொண்டு விற்றார்கள். அப்போதுதான் பிறந்திருந்த வானொலி தேசம் முழுவதும் செய்தியைப் பரப்பியது. 16-ஆம் தேதி தோண்டினவர்கள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. போய் மூன்று நாள் ஆகியிருக்கும் என்றார்கள் டாக்டர்கள். மில்லருக்கு 1926-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. காலின்ஸின் உடலையும் உலகம் சும்மா விடவில்லை. அவர் கண்டுபிடித்த அந்த அழகிய குகையிலேயே பெட்டியில் வைத்து வருஷக்கணக்காகக் காட்சிப்பொருளாக்கினார்கள். 1989-ல்தான் ஒரு மாதா கோவில் கல்லறையில் அவரை முறைப்படி அடக்கம் செய்தார்கள்.

இன்று பாறையில் கால் சிக்கினவரை மீட்க வருகிறவர்கள் அப்படி இழுப்பதில்லை. முதலில் போர்வையும் சூடான பானமும் வருகின்றன. ஆளின் பாரம் காலில் விழாதபடி மேலிருந்து கயிற்றில் தாங்கிக்கொள்கிறார்கள். பிறகு வெடிப்புக்குள் தண்ணீர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு, எண்ணெய் இவற்றை ஊற்றி வழவழப்பாக்குகிறார்கள். முட்டியை வெளியே அல்ல, மேலே, எங்கே அகலமோ அங்கே தள்ளுகிறார்கள். சிக்கினவரையே காலைத் தளர்த்தச் சொல்லிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இதெல்லாம் பலிக்காவிட்டால்தான் உளியை எடுத்துக் கல்லைச் செதுக்குவது. சில சமயம் மணிக்கணக்கில் ஆகிறது.

கோட்டுச் சங்கடத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். குறுகலான பிளவுக்குள் போகுமுன் கோட்டைக் கழற்றி, தண்ணீர்ப் புட்டியோடும் கைவிளக்கோடும் ஒரு சிறு பையில் கட்டி, பையை இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு முழக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். ஆள் ஒரு அங்குலம் ஏறினால், கோட்டும் காலுக்குக் கீழே ஆடிக்கொண்டு ஒரு அங்குலம் ஏறி வருகிறது.